லண்டன் காருக்கு நம்பர் பிளேட், அடிமட்டத்தால அளந்து பாருங்க

வைகாசியில அம்மன் சடங்குக்கு மட்டக்களப்புக்கு வந்த லண்டன் மச்சான், நம்மட ஸ்டிக்கர் கடையில குந்திக்கிட்டு "டேய், என்ட காருக்கு சுழிச்ச எழுத்துல ஒரு பிளேட் அடிச்சித் தாடா, அங்க காசு கூட" எண்டான். ஏலாது எண்டன். எனக்கு வேலை தெரியாம இல்ல, அந்த நாட்டுச் சட்டம் அப்பிடி.

முதல்ல கடையப் பாருங்க. அங்க டி.வி.எல்.ஏ எண்ட வாகனப் பதிவுக் கந்தோர்ல பதிஞ்ச கடைதான் அடிக்கலாம், அடையாள அட்டையும் வி5சி எண்ட காருட பதிவுப் புத்தகமும் கேப்பாங்க. பிளேட்டுக்குக் கீழ கடைப் பேரும் போஸ்ட்கோடும் இரிக்கோணும். 2021 செப்டம்பர் 1க்குப் பிறகு பூட்டினதெண்டா பிஎஸ் ஏயு 145இ எண்ட பிரித்தானியத் தர நம்பரும் அடிச்சிருக்கோணும்.

மறுகா பிளேட்டப் பாருங்க. நம்மட ஊர் மாதிரியே முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள். அடித்தகடு லைட்டைத் திருப்பி அடிக்கோணும், எழுத்து அடிக்கப்படாது. இருட்டுல போன் டோர்ச்ச நேராப் பிடிச்சா தகடு பளிச்செண்டும், எழுத்து கறுப்பாவே நிக்கும். நான் கடையில ஒட்டுற சாதா வினைல் அந்த வெளிச்சத்துல செத்த மாதிரிக் கிடக்கும்.

இனித்தான் அடிமட்டம். எழுத்து உயரம் 79 மில்லிமீற்றர், அகலம் 50, கோட்டுத் தடிப்பு 14, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 11. ரெண்டு எழுத்து ரெண்டு இலக்கம் முடிஞ்ச உடன 33 விட்டுத்தான் கடைசி மூண்டு எழுத்து. இலக்கம் 1ம் இங்கிலீஸ் I எழுத்தும் மட்டும் அகலத்துல விதிவிலக்கு. ஆக்கள் பிழை விடுறது இந்த 33லதான், இலக்கத்த ஒள்ளுப்பம் தள்ளி வச்சா சொந்தப் பேர் மாதிரி வாசிக்கலாமெண்டு ஆசை. 1,000 பவுண் வரைக்கும் தண்டம், எம்ஓடி எண்ட வருசாந்த வாகனப் பரிசோதனையிலயும் பெயிலாகும். மோட்டர் சைக்கிளுக்கு உயரம் 64, அகலம் 44.

நிறம் முழுக் கறுப்பு. சாம்பல் நிழல் விழுற எழுத்து 145இ தரத்துல ஏலாது, அக்ரிலிக்ல எழும்பி நிக்கிற எழுத்து அளவு சரியெண்டா பிரச்சினையில்ல. பின்னணியில படம், கோலம் ஒண்டும் வேணாம்கா, பிள்ளையாரும் டாஷ்போர்ட்டுலயே இரிக்கட்டும்.

கடைசியா ஸ்குரூ. கறுப்பு ஸ்குரூவ ரெண்டு ஒண்டுக்கு நடுவுல அடிச்சா 11 எண்டது இங்கிலீஸ் H மாதிரித் தெரியும், அதுவும் குற்றம். வெள்ளைக்கு வெள்ளை மூடி, மஞ்சளுக்கு மஞ்சள் மூடி போடுங்க.

மச்சானுக்கு அந்தச் சுழிச்ச எழுத்துல அவன்ட பேர அடிச்சிக் குடுத்தன், ரூம் கதவுல மாட்டியிருக்கானாம்.