ஷூபர்ட் இசைத்தட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

இசையமைப்பாளர் ஷூபர்ட் தம் வாழ்வின் இறுதி மாதங்களில், 1828-இல் ஐந்து தந்திக் கருவிகளுக்காக எழுதிய சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட்டை ஐசக் ஸ்டெர்ன், அலெக்சாண்டர் ஷ்னைடர், மில்ட்டன் கேட்டிம்ஸ், பாப்லோ காசல்ஸ், பால் டோர்ட்டிலியே ஆகிய ஐவரும் 1952-இல் பிரான்ஸின் பிராட் ஊரில் வாசித்துப் பதிவு செய்தார்கள். என்னிடம் இருப்பது அதன் மோனோ (ஒரே ஒலித்தடம் கொண்ட) எல்பி தட்டின் பிந்தைய அச்சு. அதைக் கணினியில் ஏற்றும்போது இருமுறை கெடுத்து, மூன்றாம் முறைதான் சரியாகச் செய்தேன்.

தட்டைத் துடைத்து, டர்ன்டேபிளை, அதன் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கிச் சமன்செய்யும் போனோ பிரீஆம்ப் வழியாகக் கணினியோடு இணைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு இலவசமான ஆடசிட்டியே போதும். கட்டண மென்பொருள் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பதிவை 48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள்), 24 பிட் என அமையுங்கள்.

ஒலி அளவை இரண்டாம் பகுதியான, மெதுவாகச் செல்லும் அடாஜியோவின் தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது மிக மெல்லியது. நடுவில் எஃப் மைனரில் கொந்தளிக்கும் இடத்தை ஒருமுறை ஓடவிட்டு, அங்கே உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, பிறகு முதலிலிருந்து பதிவு செய்யுங்கள்.

அடுத்து, இரு சேனல்களையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்குங்கள். மோனோ தட்டில் இசை ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் அசைந்து எடுத்துவரும் இரைச்சல் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த ஒரு படியிலேயே தட்டின் பாதி அழுக்கு நீங்கியது போலிருந்தது.

நான் சறுக்கியது கீறல் ஒலிகளை நீக்கும் படியில்தான். தானாக நீக்கும் ‘கிளிக் ரிமூவல்’ வசதியை முழுத் தட்டுக்கும் பயன்படுத்திவிட்டுக் கேட்டபோது, அடாஜியோவில் மூன்று கருவிகள் நீண்ட சுரங்களை இழுக்க, அடியில் இரண்டாம் செல்லோ விரலால் மீட்டும் பிட்சிகாட்டோவின் முனை மழுங்கிப்போயிருந்தது. மீட்டலின் தொடக்கத்தையும் மென்பொருள் கீறலாகவே எண்ணிவிட்டது. திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: கீறல் ஊசிபோல் எழுந்து அங்கேயே முடிந்துவிடும், மீட்டலோ சட்டென்று எழுந்தாலும் அலை அலையாகத் தேய்ந்து அடங்கும். ஆகவே அடாஜியோவை மட்டும் கையாலேயே செய்யுங்கள். கீறலைத் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுங்கள். அது ஒரு தடவைக்கு 128 மாதிரிகளை மட்டுமே சரிசெய்யும். 96,000 ஹெர்ட்ஸில் பதிந்தால் அந்த 128 மாதிரிகள் பாதி நேரத்தையே அடக்கும் என்பதால்தான் 48,000 என்றேன். எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அந்த மீட்டல்கள் தெளிவாக ஒலிக்க அவ்வளவு நேரமும் தகும்.

இரைச்சல் குறைப்பை 6 டெசிபலுக்கு மேல் கொடுக்க வேண்டாம். வில் தந்தியை உரசும் மூச்சு போன்ற ஒலியும் அதோடு போய்விடும். நான்கு பகுதிகளையும் கையாலேயே பிரித்து, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாகச் சேமியுங்கள்.

பிற்சேர்க்கை: 1952-ஆம் ஆண்டின் முதல் அச்சையே வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தம் பதிவின் ஒலிச் சமநிலை பிசகியிருப்பதாக எழுதியிருந்தார். தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டுவார்கள்; அந்த அளவுகளைச் சொல்வதே வளைவு. இன்றைய பிரீஆம்ப்கள் பின்பற்றும் ஆர்ஐஏஏ வளைவு 1954-இல்தான் பொதுவானது. அதற்கு முன் நிறுவனங்கள் வெவ்வேறு வளைவுகளைப் பயன்படுத்தின. அத்தகைய தட்டுக்கு வளைவை மாற்றும் வசதியுள்ள பிரீஆம்ப் வேண்டும், அல்லது பதிந்தபின் ஆடசிட்டியின் ஈக்வலைசரில் அதைத் திருத்த வேண்டும்.