கல்லாவில் வயது பார்ப்பது எப்படி?

குல்லாவும் மஃப்ளரும் ஏறிவிட்டால் 16 வயதும் 20 வயதும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைகளில் முகத்தை வைத்து வயது கணிக்காதீர்கள். 25-க்குக் கீழ் என்று தோன்றும் யார் பீடி, சிகரெட் கேட்டாலும் பிறந்த தேதி உள்ள அட்டை கேளுங்கள். 2003 புகையிலைச் சட்டப்படி 18 நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது; வாங்கியவர் சிறுவர் இல்லை என்று காட்டும் பொறுப்பும் விற்றவருடையதுதான். அதில் அபராதம் 200 ரூபாய் வரைதானே என்று அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இல் இதற்கே ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

சிகரெட் அடுக்கிய தட்டில் நீங்கள் கை வைக்கும் முன்பே கேளுங்கள். பாக்கெட் கல்லாமேல் வந்து, ஸ்கேன் பண்ணிய பணமும் விழுந்துவிட்டால், அதைத் திருப்பி அனுப்புவதற்குள் வாக்குவாதம் முற்றிவிடும். "உனக்கு 18 ஆச்சா?" என்றால் "ஆச்சுண்ணா" என்றுதான் பதில் வரும். "தம்பி, பிறந்த தேதி இருக்கிற அட்டை காட்டுப்பா" என்று கேளுங்கள்.

கூட்டத்தில் மனக்கணக்கு தப்பும். காலையில் கடை திறந்ததும் அன்றைய தேதிக்கு 18 ஆண்டு முந்தைய தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுங்கள். 10.5.2026 அன்று சீட்டில் 10.5.2008 இருக்க வேண்டும். அட்டையில் அதே நாளோ அதற்கு முந்திய நாளோ இருந்தால் கொடுக்கலாம். சில பழைய ஆதார் அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும். 2026-இல், அதில் 2008 என்றிருந்தால் கொடுக்க வேண்டாம், 2007 என்றால் சரி.

லைசென்ஸ் வைத்திருக்கிறான் என்பதால் 18 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு 16-லேயே கிடைக்கும், தேதியைப் பாருங்கள். கல்லூரி அட்டையும் அப்படியே, முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். போனில் காட்டும் ஆதார் போட்டோவைத் திருத்தியிருக்கலாம். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

சீசனில் அதிகம் கேட்கும் பேச்சு, "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க." அப்பா எதிரே காரில் உட்கார்ந்து கையாட்டினாலும் பையன் கையில் கொடுக்காதீர்கள், அவரே இறங்கி வரட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த உங்கள் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்துச் சிகரெட் விற்கச் சொல்வதும் விதிமீறல்தான். இ-சிகரெட்டுக்கு அட்டையே பார்க்க வேண்டாம், 2019 முதல் யாருக்கும் விற்கக் கூடாது.

18-க்குக் கீழானவருக்கு விற்பனை இல்லை என்ற பலகை, 60-க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், கண்ணில் படும்படி தொங்க வேண்டும். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்த வயதுக்காரருக்கும் விற்பனை கிடையாது. மலையில் பலர் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். வளைவு சுற்றி நடந்தால் பள்ளி கால் கிலோமீட்டர் இருக்கும். ஆனால் தூரத்தை மதில் சுவரிலிருந்து நேர்கோட்டில்தான் அளப்பார்கள். மேட்டில் பள்ளி, கீழ் வளைவில் கடை என்றால் போன் வரைபடத்தில் மதிலிலிருந்து கடைவாசல் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.