சரிவான தரையில் இறாக்கை கவிழாமல் நிறுத்துவது எப்படி?

எலிகளுக்கு அஞ்சி, அரிசியும் கோதுமை மாவுமாக 40 கிலோவை மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்தோம். மா மூட்டையை நான் முன்பக்கமாக இழுத்த கணத்தில் இரும்பு இறாக்கை முழுவதும் என் மீது சாய்ந்தது. ஹட்டனிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தை, மழைச்சாரல் வழிந்தோடுவதற்காக வாசற்பக்கம் சரிவாகப் போடப்பட்டது என்பதை அதன் பின்னரே கவனத்திற்கொண்டேன்.

படி 1: சரிவை அளவிடுங்கள். நேரான பலகையொன்றின் மேல் நீர்மட்டக் கருவியை வைத்துச் சமப்படுத்தி, தாழ்ந்த முனையின் இடைவெளியை அளந்தால் போதும். எங்கள் தரை 1 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் தாழ்கிறது; ஏறத்தாழ 3 பாகை. கைபேசிச் செயலியை நான் நம்புவதில்லை. பின்புறம் புடைத்திருக்கும் கமராவே மட்டத்தைக் கெடுத்துவிடும்.

படி 2: புவியீர்ப்பு மையத்தின், அதாவது மொத்த நிறையும் தாக்குவதாகக் கொள்ளும் புள்ளியின், உயரத்தைக் கணியுங்கள். ஒவ்வொரு திணிவையும் அதன் உயரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் திணிவால் வகுக்க வேண்டும். வெற்று இறாக்கை 12 கிலோ, அதன் மையம் 90 சென்ரிமீற்றரில். மேல் தட்டில் 160 சென்ரிமீற்றரில் 40 கிலோ. கீழ்த் தட்டில் 20 சென்ரிமீற்றரில் பாத்திரங்கள் 10 கிலோ. விடை 124 சென்ரிமீற்றர். மையத்திலிருந்து இறங்கும் நிலைக்குத்துக் கோடு முன்கால்களைத் தாண்டினால் இறாக்கை கவிழும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே 30 சென்ரிமீற்றரே உள்ளதால், 7 பாகைச் சாய்வே அதற்குப் போதும். அதில் 3 பாகையைத் தரையே தின்றுவிடுகிறது. மூட்டைகளைக் கீழேயும் பாத்திரங்களை மேலேயும் மாற்றியதும் மையம் 56 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. தாங்கும் சாய்வு 15 பாகையானது.

படி 3: நான் தவறியது இங்கேதான். மையம் தாழ்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆயினும் மேல் தட்டைப் பிடித்து இழுத்தால் பின்கால்கள் முன்போலவே எழும்பின. காரணம் திருப்பம், அதாவது விசையைச் சுழலும் புள்ளியிலிருந்து அதற்குள்ள தூரத்தால் பெருக்கி வரும் அளவு. சமதரையில், ஏறத்தாழ 620 நியூட்டன் நிறை, முன்கால்களிலிருந்து 15 சென்ரிமீற்றர் தூரத்தில் இறாக்கையைப் பிடித்து வைத்திருக்கிறது. கையோ 160 சென்ரிமீற்றர் உயரத்தில் இழுக்கிறது. ஆகவே 58 நியூட்டன், அதாவது 6 கிலோவைத் தூக்குமளவு இழுவையே பின்கால்களைக் கிளப்பிவிடும். இக்கணக்கில் மையத்தின் உயரம் வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். கால்கள் கிளம்பிய பிறகு எவ்வளவு தூரம் வரை சாய்ந்தால் திரும்பி அமரும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

படி 4: முன்கால்களின் கீழ் 1.5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டுகளை வைத்து, மேற்பகுதியை இரண்டு கோணத் தகடுகளால் சுவரோடு பிணையுங்கள். ஆணி செங்கல்லில் இறங்கியிருக்க வேண்டும்; வெறும் பூச்சில் பிடித்த ஆணி பெயர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: பாதி நிறைந்த தண்ணீர் பேசினை மேல் தட்டில் வைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. இறாக்கை சாயும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடி மையத்தை முன்னுக்குத் தள்ளுமாதலால், மேலே சொன்ன 15 பாகை அப்போது செல்லாது.