பள்ளிக்கரணையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் ஓயாமல் ஓடும் வண்டிகளுக்கும் பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கும் பக்கத்திலேயே இரை தேடும் பறவைகள் மனிதர்களிடம் நன்றாகப் பழகிப்போயிருக்கும் என்பதே அந்த எண்ணம். அவை பழகியிருப்பது வண்டிகளுக்குத்தான். ஒரே வேகத்தில் கடந்துபோகும் பேருந்தை நெடுங்கால் உள்ளான் தலை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி, பறவைகளையே உற்றுப் பார்த்தபடி கரையை நோக்கி நான்கு அடி வைத்தால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடுகிறது. தன்னை நோக்கி நேராக நடந்து வரும் உருவம் வேட்டைக்கு வருகிறது என்றே பறவை எடுத்துக்கொள்ளும்.

அங்கே போய் எந்த இடத்தில் நிற்பது என்பதிலேயே பலர் தவறுகிறார்கள். ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தடுப்புச் சுவர் மீது சாய்ந்து படம் எடுப்பவர்களை வார இறுதிகளில் காணலாம். பறவைகள் கலைவது ஒருபுறம் இருக்க, வேகமாக வண்டிகள் வரும் அந்தச் சாலையில் அது உயிருக்கே ஆபத்தானது. கீழே இறங்குவது அதைவிடத் தவறு. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த இந்தச் சதுப்பில் 317 ஹெக்டேர் 2007ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வேடந்தாங்கலைப் போலப் பறவைகள் சரணாலயம் என்ற பெயர்ப்பலகை இல்லாததால் யாரும் எங்கும் போகலாம் என்று பொருளாகாது. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். சட்டத்தை மறந்தாலும் சம்புப் புல்லுக்கிடையே இடுப்பளவு இழுக்கும் சேறும் கண்ணாடி விரியனும் இருப்பதை மறந்துவிடக் கூடாது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் 2021இல் திறக்கப்பட்ட சூழலியல் பூங்காவின் நடைபாதை, புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பான, போதுமான இடம்.

அந்தப் பூங்காவுக்கு விடியற்காலையில் போய் ஏமாந்து திரும்புகிறவர்களும் உண்டு. பறவை பார்க்க அதிகாலையே சிறந்தது என்ற பொது விதி தவறன்று. ஆனால் பூங்கா சதுப்பின் மேற்கு விளிம்பில் இருப்பதால், அங்கிருந்து பார்க்கிறவர் கிழக்கு நோக்கித்தான் நிற்க வேண்டும். சூரியன் கொஞ்சம் ஏறியதும் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்க, தொலைவிலுள்ள வாத்துகள் எல்லாம் ஒரே கறுப்பு நிழல்களாகத் தெரியும். நிறத்தைக் கொண்டு இனம் காண முடியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும் மாலையில் அதே இடத்திலிருந்து நீலத் தாழைக்கோழியின் உடல் நிறமும் அதன் நெற்றிச் சிவப்பும் துல்லியமாகத் தெரிகின்றன. பூங்கா மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேர்வது நல்லது. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால், எந்தச் சதுப்பிலும் ஏரியிலும் தெற்குக் கரையில் நின்று வடக்கே பார்ப்பவருக்கு வெளிச்சம் பெரும்பாலும் துணை நிற்கும்.

நேரத்தைவிடப் பருவத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. நவம்பரில் பெருமழை பெய்து சதுப்பு கரை ததும்ப நிற்பதைப் பார்த்ததும், இப்போது பறவைகள் குவிந்திருக்கும் என்று குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். உண்மையில் நீர் உயர உயர, கரையோரத்தில் இரை தேடும் பறவைகளுக்கு இடம் குறைகிறது. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு வேண்டும். கருவால் மூக்கனுக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் காலளவு நீர் போதும். பூநாரைகூட ஆழமற்ற நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டித்தான் உண்கிறது. ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே நிறைந்த நீரைப் பொருட்படுத்துவதில்லை. ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் நீர் வடிந்து, ஆங்காங்கே சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே பலவகைப் பறவைகளை ஒரே பார்வையில் காண ஏற்றவை. அப்போது வந்து பார்த்துவிட்டு, ‘வெறும் சேறாகக் கிடக்கிறதே, அழிந்துவிட்டதே’ என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்தச் சேற்றில்தான் புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களும் இருக்கின்றன. மாறாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சைப்பசேலென்று படர்ந்திருக்கும் ஆகாயத்தாமரை பல இடங்களில் நீர்ப்பரப்பை மூடிவிடும் களையாகும். அதை இயற்கை அழகு என்று மெச்சிப் படம் எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பறவைகளை நெருங்கும் முறைக்கு வருவோம். ஒரு முறை பறந்தால் என்ன, திரும்ப வந்து உட்காரத்தானே போகிறது என்று நினைக்கலாம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருகின்றன. இளவேனிலில் திரும்பிப் போவதற்குத் தேவையான கொழுப்பை இந்தச் சில மாதங்களில்தான் உடலில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வீண் எழுச்சியும் அந்தச் சேமிப்பிலிருந்து கழிகிறது. ஆகவே பறவைகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினாலோ, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினாலோ, ஆள்காட்டிப் பறவை குரல் எழுப்பினாலோ, அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். முடிந்தால் இரண்டு அடி பின்வாங்க வேண்டும். நேராக நடக்காமல் சாய்வாக நடப்பதும், கையைச் சட்டென்று உயர்த்தாமல் தொலைநோக்கியை மெல்லக் கண்ணுக்குக் கொண்டுபோவதும் உதவும். பச்சையும் பழுப்புமாகப் போர்வீரரைப் போல உடுத்தவேண்டிய அவசியமில்லை. பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்தால் போதும், உடையின் நிறத்தைவிட அசைவுதான் பறவைகளை அதிகம் மிரட்டுகிறது. டிரோன் பறக்கவிடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. வலசைக் காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வாத்துகளை விரட்டும் இடம் அது; தலைக்கு மேல் வட்டமிடும் எதையும் அந்த வாத்துகள் பருந்தாகவே எண்ணி எழும்.

பொரியும் ரொட்டியும் வீசுவது அன்பால் செய்யும் தவறு என்றாலும் தவறுதான். சதுப்பின் பறவைகளில் பெரும்பாலானவை அதைத் தொடுவதே இல்லை. தொடுகிறவை காகமும் தெருநாயும். கிடைக்கும் தீனியால் நாய்கள் கரையோரத்திலேயே தங்கிவிட்டால், தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் அந்தப் பருவம் வீண்.

கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியை மட்டும் நம்பிப் போவது வீண், ஏனெனில் இங்கே பறவைகள் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட தொலைநோக்கி தொடக்கத்துக்குப் போதும். பன்னிரண்டு, பதினாறு மடங்கு என்று விற்பதை வாங்கினால் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும்.

இனம் காண்பதில் நிகழும் பிழைகள் தீங்கற்றவை, ஆனால் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருபவை. உருவில் பெரியவை எல்லாம் ‘வெளிநாட்டுப் பறவை’ என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படுகின்றன. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டிலேயே, அவற்றில் பல நம் மாநிலத்திலேயே, கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. பெரிய பூநாரை குஜராத்தில் கட்ச்சின் பெரும் ரண் என்ற உப்புச் சதுப்புப் பகுதியில் இனப்பெருக்கம் செய்கிறது. உண்மையிலேயே கண்டம் தாண்டி வந்திருப்பது, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத, சிட்டுக்குருவியளவே இருக்கும் கொசு உள்ளான்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வாத்துகள் வருகின்றன என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. சங்குவளை நாரையின் இளஞ்சிவப்பு வால்பகுதியைக் கண்டு பூநாரை என்று கூவுவதும், நீளவால் இலைக்கோழியின் நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே இருக்கும் என்பதை அறியாமல், வாலில்லாத அதே பறவையைப் புதிய இனமாகக் குறித்துக்கொள்வதும் இத்தகையவையே.

குறிப்பெடுப்பதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்திலோ, பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலோ பதிவது பயனுள்ளது. அதில் நாமக்கோழி, மடையான் போன்ற சாதாரணப் பறவைகளை விட்டுவிட்டு அரியவற்றை மட்டும் எழுதுவது தவறு, ஏனெனில் சாதாரணப் பறவைகள் குறைவதை அந்தப் பட்டியல்களைக் கொண்டுதான் பின்னால் கண்டுபிடிக்க முடியும். கூடுகளுக்கு இந்த விதி பொருந்தாது. இலைக்கோழியில் முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்தான். அது மிதக்கும் இலைகள் மீது அமர்ந்திருக்கும் படத்தை இடக்குறிப்போடு வெளியிட்டால், அடுத்த ஞாயிறன்று பத்துப் பேர் பெரிய கேமரா வில்லைகளோடு அங்கே நிற்பார்கள், வெயிலில் முட்டைகள் மூடுவாரின்றிக் கிடக்கும். கூட்டின் படத்தை வெளியிட்டே ஆகவேண்டும் என்றால், குஞ்சுகள் வளர்ந்து பறந்த பிறகு, இடத்தைக் குறிப்பிடாமல் வெளியிடலாம்.