பூச்சிச் சேகரிப்பைக் காத்துக் கணினியில் ஏற்றுவது எப்படி

பழைய பூச்சிப் பெட்டியைத் திறந்ததும் பூச்சியைப் பார்க்காதீர்கள். பூச்சியைக் குத்தியிருக்கும் ஊசிக்கு அடியில் பெட்டியின் தளத்தைப் பாருங்கள். தவிட்டு நிறப் பொடி சிறு குவியலாகக் கிடந்தால், மேலே இருக்கும் பூச்சியை டெர்மெஸ்டிட் வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது. பழுப்பு ரோமம் மூடிய, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு அது. உள்ளிருந்து குடைவதால் வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் பெட்டி லேசாக ஆடினாலே தலையும் காலும் உதிர்ந்து விழும். பக்கத்தில் அது உரித்துப்போட்ட தோலும் கிடக்கும்.

அந்துருண்டை இந்தப் புழுவைக் கொல்லாது, வராமல் ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான். மூடிய அறையில் அதன் நெடியை நாளெல்லாம் சுவாசிப்பதும் நல்லதல்ல. அந்துருண்டை இருக்கும் பெட்டியில் பாராடைகுளோரோபென்சீன் என்ற இன்னொரு பூச்சிவிரட்டி ரசாயனத்தையும் போட்டால் இரண்டும் சேர்ந்து உருகி வழிந்து, லேபிளில் கறையாகப் படியும். தெர்மாகோல் தளத்தையும் அது கரைக்கும். மாணவர் பெட்டிகளில் தெர்மாகோல்தான் அதிகம். ஊசியையும் தெர்மாகோல் இறுகப் பிடிக்காது. பாலிஎத்திலீன் ஃபோம் போடுங்கள்.

புழுவைக் கொல்ல உறைகுளிரே நம்பகமான வழி. பெட்டியைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி அந்த அளவுக்குக் குளிர்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த பூச்சிமேல் நீராகப் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். புதிதாக வருபவை, இரவல் போய்த் திரும்புபவை எல்லாம் இந்த வழியாகத்தான் அலமாரிக்குள் போக வேண்டும்.

மிகப் பழைய சேகரிப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பு பூச்சியரிப்பைத் தடுக்க மெர்க்குரிக் குளோரைடும் ஆர்சனிக்கும் பூசும் வழக்கம் இருந்தது. கையுறை, முகக்கவசம் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். பொடியை வாயால் ஊதவே ஊதாதீர்கள்.

நம்மூரில் அடுத்த எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியிருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும். அலுவலக நேரத்தில் மட்டும் ஏசி ஓடுவது பாதி வேலைதான், மாலையில் நிறுத்தியதும் ஈரம் மறுபடி ஏறிவிடும். இரவும் ஓடும் ஈரநீக்கிக்குச் செலவு செய்வதே மேல். ஈரமானி ஒன்றை அலமாரிக்கு உள்ளேயே வையுங்கள்.

ஊசியைச் சுற்றிப் பச்சை நூலிழைபோல் ஏதாவது தெரிந்தால் அது களிம்பு. பூச்சியின் உடல் கொழுப்பும் பித்தளை ஊசியிலுள்ள செம்பும் வினைபுரிந்து உண்டாவது. வளர்ந்து வளர்ந்து உடலைப் பிளந்துவிடும். ஊசியை மாற்றத்தான் வேண்டுமென்றால், மூடியுள்ள டப்பாவில் ஈர மணல் பரப்பி, பூஞ்சணம் வராமல் சில துளி பீனால் விட்டு, லேபிள்களைக் கழற்றிவிட்டுப் பூச்சியை மட்டும் ஓரிரு நாள் உள்ளே வையுங்கள். மூட்டுகள் இளகியபின் 38 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஊசிக்கு மாற்றலாம். பெரும்பாலான பூச்சிகளுக்கு 2 அல்லது 3ஆம் எண் ஊசி சரி. வண்டுக்கு வலது முன்னிறகு வழியாகவும், பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவிலும் குத்துங்கள். உதிர்ந்த காலைத் தூக்கிப் போடாதீர்கள். சிறு அட்டையில் ஒட்டி அதே ஊசியில் கோத்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே கணினி வேலை. ஓர் ஊசிக்கு ஓர் எண். பெட்டி எண்ணையோ இனப்பெயரையோ அந்த எண்ணுக்குள் நுழைக்க வேண்டாம், இரண்டுமே மாறக்கூடியவை. எண்ணையும், அதை ஸ்கேனர் படிக்க உதவும் டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரப் புள்ளிக் குறியையும் அமிலமற்ற தாளில் அச்சிட்டுக் கடைசி லேபிளாகக் கோத்துவிடுங்கள். க்யூஆரைவிட இது சிறிய இடத்தில் அடங்கும்.

பலரும் அழகான பூச்சியைப் படமெடுக்க ஓடுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது லேபிளை. இடமும் தேதியும் தொலைந்த பூச்சியை எவ்வளவு துல்லியமாகப் படமெடுத்தாலும் ஆய்வுக்கு உதவாது. லேபிள்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக இறக்கி, இருபுறமும் படமெடுத்து, அதே வரிசையில் ஏற்றுங்கள். பூச்சிக்கு 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 போதும். ஒளியை டிரேசிங் தாள் வழியே விடாவிட்டால் வண்டின் முதுகு வெள்ளையாகப் பளிச்சிடும். அளவுகோல் பூச்சியின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். கீழே கிடந்தால் அளவு தப்பும். சிறு பூச்சிகளுக்குக் குவியத்தை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டியிருக்கும். கோப்பின் பெயர் ஊசியின் எண்ணாகவே இருக்கட்டும்.

தரவேற்றத்தில்தான் பிழைகள் புகும். ‘உடுமலைப்பேட்டை, கோவை ஜில்லா, 3-4-68, 1200 அடி’ என்று ஒரு லேபிள் இருப்பதாகக் கொள்வோம். இதை எழுத்துப் பிசகாமல் கணினி அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஏற்றுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதை வேறு கட்டங்களில் எழுதுங்கள். உடுமலை 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர்ப்பெயர் இல்லாமல் ‘கோவை ஜில்லா’ என்று மட்டும் இருந்தால் அது இன்றைய ஈரோடாகவும் இருக்கலாம், ஏனெனில் ஈரோடு 1979-இல்தான் பிரிந்தது. 1965-க்கு முந்தைய ‘சேலம்’ தர்மபுரியையும் சேர்த்தது.

தேதி ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? அதே சேகரிப்பாளரின் மற்ற லேபிள்களைப் புரட்டுங்கள். 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறதோ அதுதான் அவர் நாளை எழுதும் இடம். தெளிவு கிடைக்காவிட்டால் 1968 என்று ஆண்டை மட்டும் ஏற்றுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு எத்தனை மீட்டர் பிசகலாம் என்பதும் கட்டாயம். ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால், நடுப்புள்ளியிலிருந்து ஊர் விளிம்புவரை உள்ள தூரமே அந்தப் பிசகு. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஓரங்குல வரைபடங்களில் அன்றைய ஊரின் அளவு தெரியும்.

கட்டங்களின் பெயர்களை, உயிரினத் தரவுக்கான பொதுத் தரமான டார்வின் கோர் முறைப்படி வைத்தால், பின்னாளில் ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்தில் வெளியிடும்போது மறுவேலை இராது. பிடிபடும் ஆபத்துள்ள அரிய இனங்களுக்கு மட்டும் துல்லிய இடத்தை மறைத்து வெளியிடுங்கள். தரவின் மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு கட்டிடத்தில் இருக்கட்டும்.

நிபுணர் ஒருவர் பூச்சியின் பெயரைத் திருத்தினால், அவர் பெயரும் ஆண்டும் கொண்ட புது லேபிளைப் பழையதற்குக் கீழே கோத்து, அன்றே கணினியிலும் மாற்றுங்கள். பழைய லேபிள் தவறாகவே இருந்தாலும் ஊசியிலிருந்து இறங்கக் கூடாது.