விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விக்கிமூலம் என்பது ஸ்கேன் செய்த பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்து வடிவில் தரும் இணைய நூலகம். தமிழ் விக்கிமூலத்தில் புதிதாக மெய்ப்புப் பார்க்க, அதாவது அந்த எழுத்தை நூலின் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த, வருகிறவர்களின் பக்கங்களை அவ்வப்போது திறந்து பார்ப்பது என் வழக்கம். பழைய ஆட்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பவும் வருகின்றன. தட்டச்சுப் பிழை, விட்டுப்போன முற்றுப்புள்ளி போன்றவற்றைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவைதான் புத்தகத்தைக் கெடுக்கின்றன.

படத்தைப் பார்க்காமல் திருத்துவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். நல்ல தமிழ் அறிந்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978இல். அதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் ஓசிஆர் மென்பொருள் இவற்றில் அடிக்கடி தடுமாறும். ‘என்றான்’ என்பதை ‘என்ருன்’ என்றும், ‘ஆனால்’ என்பதை ‘ஆளுல்’ என்றும், ‘இல்லை’ என்பதை ‘இல்லே’ என்றும் எடுத்துக் கொடுக்கும். இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. பார்த்த உடனே தவறு என்று தெரிந்துவிடும்.

ஆபத்து ‘னை’ ‘னே’யாக மாறும் இடத்தில் இருக்கிறது. நூலில் ‘கண்ணனைப் பார்த்தான்’ என்று இருக்கும். ஓசிஆர் ‘கண்ணனேப் பார்த்தான்’ என்று தரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நல்ல உழைப்பாளி, இப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் ‘ப்’பை எடுத்துவிட்டார். ஏகாரத்துக்குப் பின் வல்லினம் மிகாது, சந்திப்பிழை என்று அவர் நினைத்தார். இலக்கணப்படி அவர் நினைத்தது சரி. ஆனால் அந்த ‘ப்’தான் அங்கே இருந்தது ‘னை’ என்பதற்கான ஒரே தடயம். அதையும் எடுத்த பிறகு ‘கண்ணனே பார்த்தான்’ என்று பிழையே இல்லாத, முற்றிலும் வேறு பொருள் தரும் வாக்கியம் நிற்கிறது. பார்க்கப்பட்டவன் பார்த்தவனாகிவிட்டான்!

‘கண்ணனை வணங்கினான்’ போன்ற இடங்களில் அந்தத் தடயம்கூடக் கிடையாது. ஸ்கேன் படத்தைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

இது ஏன் இவ்வளவு பெரிய இழப்பு? மெய்ப்புப் பார்த்தாயிற்று என்று குறித்ததும் பக்கத்தின் நிலையைக் காட்டும் நிறம் மஞ்சளாகிறது. இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சையாகும். அடுத்து வருகிறவர் மஞ்சளை நம்பி மேலோட்டமாக வாசித்துப் பச்சையாக்குகிறார். அதன்பின் யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. நூல் மின்னூலாக இறக்கப்பட்டு, வேறு தளங்களுக்கும் போய்விடுகிறது. ‘ஆளுல்’ என்று விட்டிருந்தால் யாராவது ஒருவர் திருத்தியிருப்பார். திருத்தியதுபோல் தோன்றும் பிழையை யார் தேடுவார்கள்? விக்கிமூலத்தில் மெய்ப்புப் போட்டி நடக்கும் காலங்களில் பக்கத்துக்குப் புள்ளி என்றதும் இந்த வேகம் இன்னும் கூடுகிறது. பத்துப் பக்கத்தை இப்படி மஞ்சளாக்குவதைவிட ஒரு பக்கத்தைப் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுவது எவ்வளவோ மேல். படம் மங்கலாக இருந்து எழுத்து தெரியவில்லையா? ‘சிக்கலானவை’ என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். அதற்காகத்தான் அந்த நிலை இருக்கிறது.

புத்தகம் முழுக்க ஒரே அடியாக மாற்றுவது

‘என்ருன்’ என்று தமிழில் ஒரு சொல் இல்லை. அதைத் தேடி மொத்தமாக மாற்றலாம். ‘லே’யை எல்லாம் ‘லை’ ஆக்கினால் ‘வீட்டிலே’ ‘வீட்டிலை’ ஆகிவிடும். ‘அவனே’, ‘அவளே’ இரண்டையும் தொடவே தொடாதீர்கள். மாற்ற நினைக்கும் வடிவம் வேறெங்காவது சரியான சொல்லாக வர முடியுமா என்று முதலில் யோசியுங்கள். வரும் என்றால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியரின் தமிழைத் திருத்துவது

அவர் ‘ஸ்திரீ’ என்று எழுதினால் ‘ஸ்திரீ’தான். அச்சுப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தாலும் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. அதைக் குறித்துக் காட்ட வார்ப்புரு, அதாவது உரையில் இடும் ஆயத்தக் குறியீடு, இருக்கிறது.

பக்கத்தின் மேலும் கீழும்

நூல் தலைப்பும் பக்க எண்ணும் மேலடி, கீழடிப் பெட்டிகளுக்குள் போக வேண்டும். உரைக்குள் விட்டால், பக்கங்களை இணைத்து நூலாக்கும்போது கதை நடுவே ‘47’ என்று வந்து நிற்கும். பக்க முடிவில் உடையும் சொல்லையும் கவனியுங்கள். பழைய தமிழ் நூல்களில் பல, சிறுகோடு போடாமலே சொல்லை உடைத்திருக்கும். அப்படியே விட்டால் இரண்டு பக்கங்கள் சேரும் இடத்தில் ‘பார்த் தான்’ என்று இடைவெளி விழும்.

தோழரிடம் சொல்லிப் பச்சையாக்குவது

வேண்டாம். ஒருவர் மஞ்சளாக்கியதை அவரே பச்சையாக்க முடியாது என்ற விதி, இரண்டாவது ஆள் உண்மையாகவே படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பழைய நூல்தானே என்று பதிவேற்றுவது

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1965இல் மறைந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 அன்றுதான் பொதுவாகின்றன. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பெரும்பாலானோர் சறுக்குவது உரைநூல்களில். குறுந்தொகை யாருக்கும் சொந்தமில்லை, சரி. அதற்கு உரை எழுதியவர் இன்று உயிரோடு இருக்கலாம். முன்னுரை, மொழிபெயர்ப்பு, ஓவியம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகு நூல் நீக்கப்பட்டால் அத்தனை பேரின் உழைப்பும் போய்விடும். அதனால் நூலின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் அட்டவணைப் பக்கம் உருவாக்கும் முன்பே உள்தலைப்புப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் பார்த்துவிடுங்கள்.