டிஸ்க் மெதுவா? முதலில் கன்சோலில் கேளுங்கள்

25-ஆம் தேதிச் சம்பள ஓட்டம் ஜோஹன்னஸ்பர்க்கில் இழுக்க ஆரம்பித்தால், பழி முதலில் விழுவது டிஸ்க்கின் தலையில்தான். ஸ்டோரேஜ் குழுவை எழுப்பும் முன் ஸெட்ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளம்) கன்சோலிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இங்கே கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம். ஜாப்களையும் லாகையும் பார்க்கும் எஸ்டிஎஸ்எஃப் திரையிலிருந்து அனுப்பினால் முன்னால் ஒரு சாய்கோடு போடுங்கள். 8012 என்பது டிஸ்க்கின் எடுத்துக்காட்டு முகவரி.

முதலில் "டி யு,,,8012,1". வால்யூம் பெயரும் நிலையும் வரும்: ஏ என்றால் ஒரு வேலைக்கு அலாக்கேட் ஆகியிருக்கிறது (ஒதுக்கப்பட்டிருக்கிறது), ஓ என்றால் ஆன்லைன். யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய "டி யு,,அலாக்,8012,1". ஜாப் பெயர்கள் வரிசையாக வரும்.

இந்த இரண்டும் சிஸ்டம் தன் நினைவகத்தில் குறித்து வைத்திருப்பதையே காட்டுகின்றன. சாதனத்தையே தொட்டுப் பார்க்க "டிஎஸ் பி,8012,16". இது ஒவ்வொரு பாதையிலும் உண்மையான ஐ/ஓ (படிக்க, எழுதக் கேட்கும் கோரிக்கை) அனுப்பி, 8012 முதல் 16 சாதனங்களைக் காட்டும். சேனல் (இயந்திரத்திலிருந்து டிஸ்க்குக்குப் போகும் இணைப்பு) எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் அந்தப் பாதை நலம். வேறு குறி தெரிந்தால் "டி எம்=டெவ்(8012)" கொடுங்கள். பாதைவாரியாக ஒய் (ஆம்), என் (இல்லை) என்று வரும். சேனல் ஆன்லைனில் இருந்தும் பாதை மட்டும் விழுந்திருந்தால், கேபிளும் ஸ்விட்ச்சும் சரி என்று உறுதிசெய்த பிறகே "வி பாத்(8012,41),ஆன்லைன்" கொடுங்கள்; 41 என்பது சேனல் எண். லோட்ஷெடிங்கில் மின்சாரம் மாறிய இரவுகளுக்குப் பிறகு இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். நான்கு பாதையில் இரண்டு போனாலும் வேலை ஓடும். சுமை ஏறும்போதுதான் வலிக்கும்.

லாகில் ஐஓஎஸ்071ஐ, ஸ்டார்ட் பெண்டிங் (ஐ/ஓ தொடங்காமல் காத்திருக்கிறது) என்று வந்தால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வேறொரு எல்பார் (அதே மெயின்ஃபிரேமைப் பிரித்து ஓடும் இன்னொரு சிஸ்டம்) ரிசர்வ் போட்டு, அதாவது டிஸ்க்கைத் தனக்கென்று பூட்டி, விடாமல் வைத்திருக்கலாம். யார் என்று அறிய "டி ஜிஆர்எஸ்,டெவ்=8012", "டி ஜிஆர்எஸ்,சி" இரண்டையும் பாருங்கள். இந்தச் செய்தி வருமுன் சிஸ்டம் பொறுக்கும் காத்திருப்பு வரம்பை "டி ஐஓஎஸ்,எம்ஐஎச்" சொல்லும். டிஸ்க்குக்கு வழக்கமான இயல்பு மதிப்பு 15 விநாடி. செய்தி தொல்லை தருகிறது என்று அதை உயர்த்துவது நோயை மறைக்கும் வேலை.

"மெதுவு" என்பதைப் பிரித்துப் பார்க்க ஆர்எம்எஃப் (ஸெட்ஓஎஸ்ஸின் செயல்திறன் அளவிடும் கருவி) மானிட்டர் 2-இல் டெவ் அறிக்கை வேண்டும். நேரத்தை அது பத்திகளாகப் பிரித்துக் காட்டும். ஐஓஎஸ்கியூ ஏறினால் ஐ/ஓ ஹோஸ்டிலேயே வரிசையில் நிற்கிறது. "டிஎஸ் க்யூபி,8012,வால்யூம்" கொடுத்து பாவ் அலியாஸ்களை (ஒரே டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில் பல ஐ/ஓ அனுப்ப உதவும் கூடுதல் முகவரிகள்) பாருங்கள். பெண்ட் (அனுப்பிய ஐ/ஓ தொடங்கக் காத்திருக்கும் நேரம்) ஏறினால் ரிசர்வ் அல்லது சேனல், கண்ட்ரோலர் நெரிசல். கான் என்பது தரவு பாயும் நேரம். பெரிய பிளாக் என்றால் அது கூடத்தான் செய்யும்.

டிஸ்க் நேரம் (வட்டு அல்ல, டிஸ்கனெக்ட் என்பதன் சுருக்கம்) என்ற பத்தியைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது சாதனம் சேனலை விட்டுப் பிரிந்திருக்கும் நேரம். தரவைப் படிக்கும்போது கூடினால் கேஷில் (கண்ட்ரோலரின் வேக நினைவகத்தில்) அந்தத் தரவு இல்லை. எழுதும்போது மட்டும் கூடினால் மெட்ரோ மிரர் நகலை (எழுதியது இன்னொரு தளத்திலும் பதிந்த பிறகே முடிந்ததாகக் கொள்ளும் நகல்) சந்தேகியுங்கள். ஒளியிழையில் 100 கி.மீ.க்குப் போய்வர சுமார் 1 மில்லிவிநாடி ஆகும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் நேர்கோட்டில் சுமார் 500 கி.மீ.; அப்படியானால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் குறைந்தது 5 மில்லிவிநாடி கூடுதல். மெட்ரோ மிரரின் வரம்போ 300 கி.மீ. எனவே டர்பனுக்குப் போவது ஒத்திசையா நகலாகத்தான் (பதில் வரும்வரை காத்திராத நகல்) இருக்க முடியும். எழுதும் நேரம் கூடினால் பக்கத்துத் தளத்துக்குப் போகும் இணைப்பைத் தேடுங்கள்.